துணியை விலக்கும்போது பானெட்டையும் திறந்து காட்டுங்கள்

மோட்டார் ஷோவில் புது மாடல்களையும் எஞ்சின்களையும் மேடையேற்றப்போகும் கார் நிறுவனங்களுக்கு,

வணக்கம்.

துணி விலகியதும் குதிரைத்திறன், டார்க், சன்ரூஃப், டச் ஸ்கிரீன் எத்தனை அங்குலம் என்று வரிசையாகச் சொல்வீர்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் அந்தக் கார்களுக்கு அடியில் படுக்கப்போகும் எங்களுக்கு முதலில் ஓர் அளவு வேண்டும். எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் குழாயின் வாய் தரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது? கிரவுண்ட் கிளியரன்ஸை எல்லோரும் அச்சிடுகிறீர்கள். வெள்ளத்தில் எஞ்சின் பிழைப்பதும் சாவதும் இந்தக் குழாய் வாயில்தான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் தெருக்களெல்லாம் குளம். பின்னாலேயே சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூர்ப் பக்கம் வந்து சேர்ந்தது. ஐப்பசி, கார்த்திகை என்றாலே இங்கே காருக்குக் கண்டம்தான்.

கணக்கைப் பாருங்கள். 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 400 சிசி. கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற கணக்கு, 11க்கு 1 என்றால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 40 மில்லி, ஏறத்தாழ அரை கிளாஸ் டீ. 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர் டீசலில் 16க்கு 1 என்றால் 25 மில்லிதான். அதற்கு மேல் தண்ணீர் புகுந்தால் அது அமுங்காது, பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். வளைந்த ராடோடு கார் கொஞ்ச நாள் ஓடிக் காட்டுவதும் உண்டு. பிறகு ஒரு நாள் எஞ்சின் பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வரும்.

டர்போ எஞ்சினில் இன்னொரு வம்பு. டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் பெரும்பாலும் முன் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக இருக்கிறது. நனைந்த ஏர் ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால், அங்கே தேங்கிய தண்ணீர் நேராக எஞ்சினுக்குள் போகும்.

ஆகவே ஓனர் மேனுவலில் ஒரு பக்கம் தமிழில் ஒதுக்குங்கள். தண்ணீரில் நின்றுபோன காரில் ஸ்டார்ட் பட்டனைத் தொடக் கூடாது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஃபில்டர் பெட்டியைத் திறக்க வேண்டும். ஈரம் தெரிந்தால் பெட்ரோலில் ஸ்பார்க் பிளக்குகளையும், டீசலில் குளோ பிளக்குகளையோ இன்ஜெக்டர்களையோ எடுத்துவிட்டு, கிராங்க் புல்லியில் சாக்கெட் போட்டுக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும். ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றி, சற்று ஓடவிட்டு, மறுபடி மாற்ற வேண்டும். கடைசியில் கம்ப்ரஷன் டெஸ்ட். ஒரு சிலிண்டரில் மட்டும் அளவு குறைந்தால் ராடைச் சந்தேகிக்கலாம்.

ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியை அணைக்க டேஷ்போர்டிலேயே பட்டன் வையுங்கள். முழங்கால் தண்ணீரில் தானாக நின்று தானாகக் கிளம்பும் எஞ்சின் யாருக்கு வேண்டும்?

டீசல் வாங்க வருகிறவரிடம் டிபிஎஃப், அதாவது புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் பற்றி ஷோரூமிலேயே சொல்லிவிடுங்கள். அதில் சேரும் கரி எரிய ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். புதுச்சேரி பூல்வார்டுக்குள் தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டும் காருக்கு அந்தச் சூடு ஏறவே ஏறாது. எரிப்பு பாதியில் நின்றால் அதற்கென்று தெளித்த டீசல், எஞ்சின் ஆயில் தேங்கும் சம்ப்பில் இறங்கி, ஆயில் மட்டம் டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டும். மட்டம் கூடினால் நல்லது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். வாரம் ஒருமுறை ஈசிஆரில் மரக்காணம் வரை ஒரே சீராக ஓட்டினாலே பெரும்பாலும் தீரும். டிப்ஸ்டிக்கையே எடுத்துவிட்டு சென்சாரை மட்டும் நம்பும் எஞ்சினை, தயவுசெய்து, இந்தப் பக்கம் அனுப்பாதீர்கள்.

எலக்ட்ரிக் கார் பேட்டரிக்குத் தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான தரக் குறியீடாக ஐபி67 என்று பெருமையாகப் போடுகிறீர்கள். அது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம், நல்ல தண்ணீரில் செய்யும் சோதனை. உப்பங்கழித் தண்ணீரில் ஓர் இரவு நின்ற காரில் பேட்டரி தப்பித்தாலும், தரையோரம் ஓடும் 12 வோல்ட் ஒயரிங் கனெக்டர்களில் சில வாரத்தில் பச்சைக் களிம்பு பூக்கும். எந்தெந்தக் கனெக்டரைத் திறந்து கழுவலாம், எதைத் தொடவே கூடாது என்ற படத்தைக் கார் விற்பனைக்கு வரும் நாளிலேயே வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்கும் கொடுங்கள்.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரி கார் மெக்கானிக்குகள்