'அன்றே விடுதலை' என்று போட்டது தவறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரசவத்தில் பெண் இறந்த வழக்கில் டாக்டருக்கு ஓராண்டு சிறை என்று சென்ற வாரம் மாவட்டப் பக்கத்தில் செய்தி போட்டிருந்தீர்கள். அதற்குக் கீழேயே 'அன்றே விடுதலை' என்று கட்டம் வேறு. அந்தப் பக்கத்தை நாலாக மடித்துக்கொண்டு, இறந்த பெண்ணின் அண்ணன் விடிந்ததும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார். எங்கள் தெருக்காரர், நாட்டுப்படகில் நண்டு வலை விடுகிறவர்.

"மாமா, ஏழு வருசம் கோர்ட்டுக்கு நடந்தோம். காலையில குத்தவாளின்னாங்க, சாயங்காலம் விட்டுட்டாங்க. இனி எங்களுக்கு அங்க என்ன வேலை?" என்றார்.

நான் 31 ஆண்டுகள் குற்றவியல் நீதிமன்றங்களில் வேலை பார்த்து சிரஸ்தாராக, அதாவது கோர்ட் அலுவலகத் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன். கோர்ட்டில் 'விடுதலை' என்றால் குற்றம் நிரூபணமாகவில்லை, வீட்டுக்குப் போ என்று அர்த்தம். இங்கே நடந்தது அதுவல்ல. தண்டனையை நிறுத்திவைத்து, மேல்முறையீடு செய்வதற்காக ஜாமீனில் அனுப்பியிருக்கிறார்கள். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது. மேல்முறையீடு தோற்றால் அந்த டாக்டர் சரணடைந்து உள்ளே போக வேண்டியதுதான்.

வழக்கு பழையது என்பதால் இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ. கவனக்குறைவால் மரணம், அதிகபட்சம் 2 ஆண்டு, ஜாமீனில் விடக்கூடிய குற்றம். விசாரணையின்போது ஜாமீனில் இருந்தவருக்கு 3 ஆண்டுக்கு மேற்படாத தண்டனை கிடைத்து, அவர் அப்பீல் போகப்போகிறேன் என்று சொன்னால், தீர்ப்புச் சொன்ன மாஜிஸ்திரேட்டே அவரை ஜாமீனில் விட வேண்டும். மறுப்பதற்குத்தான் தனிக் காரணம் எழுத வேண்டுமே தவிர, விடுவதற்கு அல்ல. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 389(3), இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 430(3). செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போக 30 நாள். ஓராண்டு தண்டனையில் ஒருவரை உள்ளே வைத்துவிட்டு அப்பீலை இரண்டு வருடம் கழித்து எடுத்தால் அந்த அப்பீலுக்கு என்ன பொருள்? லண்டனில் டேவிட் செல்லு என்ற அறுவை சிகிச்சை நிபுணருக்கு 2013-ல் இரண்டரை ஆண்டு போட்டார்கள். 15 மாதம் உள்ளே இருந்தார். 2016-ல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பே ரத்தானது. இதையும் திண்ணையில் சொன்னேன். "செத்தவுக வீட்டு ஆளுகிட்ட இதைச் சொல்லலாமா மாமா?" என்றார். நியாயம்தான், நான் நேரம் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் அவர் கோபத்தில் பாதி சரி. நான் பெஞ்ச் கிளார்க்காக இருந்தபோது ஒரு மினி லாரி டிரைவர். பாம்பனிலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றிப் போனவர், ரோட்டில் ஒரு பெரியவர் மேல் மோதிவிட்டார். அதே 304ஏ, 6 மாதம். அதே 389(3)-ல் தண்டனை நிறுத்திவைப்பு, அதே நாள் மூன்று மணிக்கு மாஜிஸ்திரேட் கையெழுத்தும் போட்டாயிற்று. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். விசாரணையில் நின்ற இருவரில் ஒருவர் சவுதி போய்விட்டார், இன்னொருவர் மறுபடி நிற்க மாட்டேன் என்றார். மீன் கம்பெனி முதலாளி போனை எடுக்கவில்லை. வேறு ஆள் பிடித்தால் வீட்டு வரி ரசீது அப்பா பேரில் இருக்கிறது, வி.ஏ.ஓ. சான்று வாங்கப் போனால் அவர் லீவு. நடுவில் சனி, ஞாயிறு, திங்கள் ஒரு பண்டிகை. ஆர்டர் என் பீரோவில் இருந்தது, ஆள் ஜெயிலில் இருந்தார். பதினோரு நாள்.

அவர் மனைவி இடுப்பில் பிள்ளையோடு வந்து, "மதுரையில ஆட்கொணர்வு மனு போட்டா விட்டுருவாகளாமே சார்?" என்று கேட்டார். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சட்டவிரோதமாக அடைத்து வைத்த ஆளை விடுவிக்கக் கேட்டு ஹைகோர்ட்டில் போடுகிற மனு அது. கோர்ட் தீர்ப்பின் பேரில் உள்ளே இருப்பது சட்டவிரோதக் காவல் ஆகாது, அந்த மனு நிற்காது என்று விளக்கினேன். ஜாமீன் நிபந்தனையைக் குறைக்கச் சொல்லி ஒரு மனு போடுங்கள் என்று சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. கிளார்க் வாயைத் திறக்கக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போதும் அந்தப் பெண் முகம் ஞாபகம் வருகிறது.

டாக்டருக்கு அந்த அலைச்சல் இல்லை. ஐந்து மணிக்குள் ஜாமீன்தாரர்கள் காகிதங்களோடு வாசலில் நின்றிருப்பார்கள். சட்டம் இருவருக்கும் ஒன்றுதான், வாசலில் நிற்கிற ஆட்கள்தான் வேறு. ஜாமீன் ஆர்டர் ஆகியும் 7 நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், ஜெயில் கண்காணிப்பாளர் இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் உத்தரவிட்டது. தண்டனைக் கைதிக்கும் அது பொருந்தும். நம் மாவட்டத்தில் இதுவரை எத்தனை பேருக்கு அப்படித் தெரிவித்தார்கள் என்று உங்கள் நிருபர் விசாரித்து எழுதினால் அது செய்தி.

டாக்டர்களைக் கிரிமினல் கேஸில் இழுக்கவே கூடாது என்று பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு வேண்டிய பாதுகாப்பைக் கொடுத்துவிட்டது. சாதாரணத் தவறு போதாது, அலட்சியம் மிகக் கடுமையாக இருக்க வேண்டும், வேறு டாக்டரின் கருத்தைக் கேட்காமல் வழக்கு நடத்தக் கூடாது என்று. அதையெல்லாம் தாண்டி ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில், இதே குற்றத்துக்கு மற்றவர்களுக்கு 5 ஆண்டு வரை, சிகிச்சையின்போது தவறிய டாக்டருக்கு 2 ஆண்டு வரை. இன்று அந்த மினி லாரிக்காரர் மாட்டினால் 5 ஆண்டுப் பிரிவில்தான் நிற்பார். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது அந்தக் குடும்பத்துக்கு வேலை இருக்கிறது. அப்பீலில் அரசு வக்கீலுக்கு உதவியாகத் தங்கள் வக்கீலை வைத்துக்கொள்ள கோர்ட்டில் அனுமதி கேட்கலாம். தீர்ப்பில் சொன்ன இழப்பீடு போதாது என்றால் அவர்களே அப்பீல் போகலாம். இறந்த பெண்ணின் தாய் மனு கொடுத்தால், பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 'விடுதலை' என்று படித்துவிட்டு, கேஸ் கட்டை அடுப்பில் போடப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார் அந்த அண்ணன். நான் அதை வாங்கி என் வீட்டுப் பரணில் வைத்திருக்கிறேன்.

ஒரு திருத்தம் போடுங்கள். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட்டால் நல்லது. அவருக்கு என் பேச்சில் இன்னும் நம்பிக்கை வரவில்லை, பேப்பரில் வந்தால்தான் நம்புவார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சிரஸ்தார்,
தேவிபட்டினம்.