பேனாவை நூலில் கட்டியவருக்கு

அம்மா,

பெயர் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டீர்கள். போடவில்லை. ஆனால் நன்றியை நாலு பேர் அறியச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த ஒரு விஷயத்தில் உங்கள் பேச்சை மீறுகிறோம், மன்னியுங்கள்.

என்ன நடந்தது, நாங்கள் நடத்திய நிவாரண முகாமில் எத்தனை பேர் வந்து தங்கினார்கள் என்பதெல்லாம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத இன்னும் தெம்பு வரவில்லை. போர்வைகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, டிரம்களைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. கூடத்தில் ப்ளீச்சிங் பவுடர் வாடை மட்டும் மிச்சம். அது போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். எல்லோருக்கும் வருகிறோம். முதலில் அந்த நோட்டு.

முகாம் தொடங்கிய மறுநாள் காலை நீங்கள் கொண்டுவந்தது மூன்றே பொருள்: 200 பக்க நீள நோட்டு, கறுப்பு பால்பாயிண்ட் பேனா, ஒரு நூல்கண்டு. யாரும் கேட்டு அனுப்பவில்லை. பதிவு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து முதல் வேலையாகப் பக்கங்களுக்கு எண் போட ஆரம்பித்தீர்கள், 1 முதல் 200 வரை. இருக்கிற அவசரத்தில் இதென்ன வேலை என்று சிலர் முணுமுணுத்தது உண்மைதான். பிறகு ஸ்கேல் வைத்து நான்கு பத்தி பிரித்தீர்கள்: நேரம், செய்தது, பாக்கி, யாரிடம் சொன்னது. கடைசியில் பேனாவின் கழுத்தில் நூலை ஆறேழு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, மறுமுனையை மேசைக் காலில் கட்டினீர்கள். நோட்டின் கடைசி வரி வரை பேனா எட்டும். பக்கத்து மேசைக்கு எட்டாது. அந்த நீளத்தை இரண்டு முறை அளந்து பார்த்துத்தான் முடிச்சை இறுக்கினீர்கள். மேசையில் கிடந்த ஜெல் பேனாக்களை எடுத்து உள்ளே போட்டுவிட்டீர்கள். ஈரக் கை பட்டால் ஜெல் மை கரைந்துவிடும், அந்த நாட்களில் யார் கைதான் காய்ந்திருந்தது!

அந்த நான்கு பத்தியின் அருமை தெரியாதவர்களுக்காகத் தண்ணீர் டிரம்மை வைத்தே சொல்கிறோம். ப்ளீச்சிங் பவுடரை நேராக டிரம்மில் கொட்டக் கூடாது. 25 சதவீதம் குளோரின் உள்ள பவுடரில் 40 கிராம் எடுத்து, முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிம்பு மாதிரி குழைத்து, பிறகு 1 லிட்டராக்கி அசையாமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்பது ஏறக்குறைய 1 சதவீதக் கரைசல். 200 லிட்டர் டிரம்முக்கு அதில் 40 மில்லி, அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின். நன்றாகக் கலக்கி 30 நிமிடம் விட்டுச் சோதித்தால் எச்சக் குளோரின், அதாவது தண்ணீரில் மிஞ்சி நிற்பது, லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை நிற்க வேண்டும். முன்னே பின்னே இருந்தால் அளவைத் திருத்த வேண்டும். கலங்கல் தண்ணீரை முதலில் தெளியவைத்து வடிகட்டாவிட்டால் போட்ட குளோரினை அழுக்கே தின்றுவிடும். பிரித்து நாளான பொட்டலத்தில் வீரியம் பாதிகூட இருக்காது.

இவ்வளவும் சுவரில் ஒட்டியிருந்தது. எல்லோரும் படித்தார்கள். தப்பு நடப்பது அளவில் அல்ல, ஆள் மாறுகிற நேரத்தில். போகிறவர், வருகிறவர் போட்டுக்கொள்வார் என்று போகிறார். வருகிறவர், போனவர் போட்டிருப்பார் என்று உட்காருகிறார். டிரம் மருந்தே விழாமல் நிற்கிறது. இல்லாவிட்டால் இருவருமே போட்டுவிடுகிறார்கள். இரட்டிப்பாக விழுந்தால் லிட்டருக்கு 4 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற வரம்பு 5, ஆகவே அது விஷமாகிவிடாது. ஆனால் வாடை தூக்கும். முதியவர்களும் குழந்தைகளும் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். மாலைக்குள் யாருக்காவது தலைசுற்றும், காரணம் தெரியாமல் மருத்துவரைத் தேடுவார்கள். ‘05:40, டிரம் 3, 40 மில்லி, பாக்கி: 06:10க்குச் சோதனை’ என்று ஒரு வரி இருந்தால் இத்தனையும் இல்லை.

செல்பேசிக் குழுவில்தான் எல்லாம் பதிவாகிறதே என்று நினைத்திருந்தோம். குழுவில் பதிவாகும், ஆனால் அதற்கு மேல் நாற்பது செய்தி, இரண்டு வதந்தி, ஒரு காலை வணக்கப் படம் வந்து உட்காரும். சார்ஜ் தீர்ந்தால் அதுவும் இல்லை. நோட்டு மேசையை விட்டு எழுந்து போவதில்லை.

நீங்கள் நோட்டின் உள் அட்டையில் எழுதிய விதிகளை இனி மற்ற முகாம்களுக்கும் கொடுக்கப்போகிறோம். தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் எழுதியவரின் இனிஷியல். 3 மேலேயே 8 எழுதக் கூடாது, ஏனென்றால் இரவில் டார்ச் வெளிச்சத்தில் அது 3 ஆகவும் தெரியும், 8 ஆகவும் தெரியும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. எண் போட்டது அதற்காகத்தான் என்பது எங்களுக்கு மூன்றாம் நாள்தான் புரிந்தது. நேரம் 24 மணிக் கணக்கில், ‘7 மணி’ என்றால் காலையா மாலையா என்ற கேள்வி வராமல். ‘சொல்லியாச்சு’ என்பது பதிவில்லை, யாரிடம் என்று வேண்டும். படுக்கை எண் மட்டும்தான், ஆள் பெயர் கிடையாது. மேசையில் திறந்து கிடக்கிற நோட்டில் ஒருவருடைய சர்க்கரை, பிரஷர் விவரம் எல்லோர் கண்ணிலும் படக் கூடாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய விதி, பாக்கிப் பத்தியைக் காலியாக விடக் கூடாது என்பது. பாக்கி இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். வெற்றிடத்துக்கு இரண்டு அர்த்தம்: வேலை முடிந்துவிட்டது, அல்லது எழுத மறந்துவிட்டார்கள். படிக்கிறவர் தனக்கு வசதியான அர்த்தத்தை எடுத்துக்கொள்வார். இன்சுலின் போடுவது செவிலியர் வேலை. ஆனால் 14ஆம் படுக்கைக்கு ராத்திரி ஊசி போட்டாயிற்றா என்ற கேள்வி பதிவு மேசைக்குத்தான் வரும். வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு ‘போட்டாச்சு’ என்றோ ‘போடலை’ என்றோ சொல்வது எவ்வளவு ஆபத்து என்பது யோசித்தால் குலை நடுங்குகிறது.

பொறுப்பு மாற்றுவதையும் நீங்கள்தான் மாற்றியமைத்தீர்கள். 4 மணி நேர ஷிஃப்ட், அடுத்த ஆள் 15 நிமிடம் முன்னதாக வர வேண்டும். வழக்கமாகப் போகிறவர் கடகடவென்று சொல்லுவார், வருகிறவர் தலையாட்டுவார். நீங்கள் அதைத் திருப்பிப் போட்டீர்கள்: வருகிறவர் நோட்டை வாய்விட்டுப் படிக்க வேண்டும், போகிறவர் கேட்க வேண்டும். படிக்கும்போது எழுத்துப் புரியாத இடத்தில் நாக்கு தானே நிற்கும். கேட்கிறவருக்கு, எழுத விட்டுப்போனது அப்போதுதான் நினைவுக்கு வரும். இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நாற்காலி கைமாறும்.

பல வருடம் வார்டில் இரவு டூட்டி பார்த்தவர் நீங்கள் என்பதை யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். பதிவுப் படிவத்தில் ‘என்ன தெரியும்’ என்ற கேள்விக்கு ‘ஒன்றும் தெரியாது, கூடமாட உதவ வந்தேன்’ என்று எழுதியிருந்தீர்கள். ஐம்பது தாண்டி வந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். படிவம்தான் தப்பு. அந்தக் கேள்வியை அடித்துவிட்டு, ‘இத்தனை வருடம் தினமும் என்ன செய்தீர்கள்’ என்று கேட்டிருக்க வேண்டும். பத்துப் பேர் குடும்பத்தை நடத்திய பெண்ணுக்கு, இருக்கிற சரக்கு எத்தனை நாளைக்கு வரும் என்று மூட்டையைப் பார்த்தாலே தெரியும். அவரிடம் கேட்டால் ‘வீட்டில்தான் இருந்தேன்’ என்பார். கண்டக்டராக இருந்தவர் நெரிசலில் தலை எண்ணத் தெரிந்தவர். நாமோ இவர்களைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்து, ‘நீங்கள் இருந்தாலே போதும்’ என்கிறோம். மரியாதை மாதிரி தெரியும், ஆனால் அது வேலை கொடுக்காமல் அனுப்புகிற வழி.

உடம்பைப் பற்றிக் கேட்டதிலும் பிழை இருந்தது. ‘ஏதாவது தொந்தரவு உண்டா’ என்று கேட்டால் எல்லோரும் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்வார்கள், எங்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். எவ்வளவு நேரம் நிற்க முடியும், எவ்வளவு எடை தூக்க முடியும், எந்த நேரத்துக்கு மாத்திரையும் சாப்பாடும் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டால் உண்மை வருகிறது. 20 லிட்டர் கேன் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. அதை 5 லிட்டர் கேன்களில் பிரித்துவைத்தால் அறுபது வயதுக்காரரும் முதுகு பிடிக்காமல் நாள் முழுக்க எடுத்துக்கொடுப்பார். வயதானால் தாக உணர்ச்சி மந்தமாகிவிடும், அதனால் தாகம் எடுக்கும்போது குடிக்கலாம் என்று விடக் கூடாது, மணி பார்த்துக் குடிக்கவைக்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர், பரிமாறுகிற மும்முரத்தில் தன் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் வியர்த்துக் கை நடுங்கும். 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பட்டியல்களைப் பெரிய எழுத்தில் அடித்து ஒட்டியது தாமதமாகத்தான். முதல் இரண்டு நாள் சின்ன எழுத்தை வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்துப் படித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

இனி மற்றவர்கள். ஒரே மூச்சில் சொல்வதால் குறைவாக நினைக்க வேண்டாம். தூக்க முடியாது, எண்ணிக்கொடுக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கடைசி நாள்வரை போர்வைக் கணக்கில் ஒன்றுகூடப் பிசகாமல் பார்த்துக்கொண்ட பெரியவருக்கு. சந்தடிக்கு விலகிய அறையில் உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தவர்களுக்கு. எந்தக் குரலுக்கும் அவசரம் காட்டாதவர்கள் அவர்கள். கழிப்பறை வரிசையைச் சமாளித்தவர்களுக்கு. தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று, நிலைமை சீரானதும் 20 பேருக்கு ஒன்று என்பது பேரிடர் நிவாரணத்துக்கான சர்வதேச வழிகாட்டியான ஸ்ஃபியர் கையேட்டின் கணக்கு. அந்த இடைவெளியில் வாளியும் துடைப்பமுமாக நின்றவர்களுக்கு எந்த நன்றியும் காணாது. இரவில் தூக்கம் வராதவர்கள் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு. நாளை வர முடியாது என்பதை முந்தைய மாலையே சொன்னவர்களுக்கு; இது சின்ன விஷயமில்லை, சொல்லாமல் வராமல் போகிற ஒருவரால் ஒரு ஷிஃப்ட் முழுக்கச் சரியும். வீட்டில் பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு துணையை இங்கே அனுப்பிவைத்தவர்களுக்கும் சேர்த்து.

எங்கள் தரப்பில் முடிவு செய்திருப்பவை இவை. அடுத்த முறை, அப்படி ஒன்று வர வேண்டாம், வந்தால் பேனர் கட்டுவதற்கு முன் மேசையில் நோட்டு இருக்கும், பேனா நூலில் கட்டியிருக்கும். பதிவுப் படிவம் மாறியாயிற்று. ஐம்பது தாண்டியவர்களுக்குப் பாதி நாள் பயிற்சி ஒன்று வைக்கிறோம்: கரைசல் கலப்பது, நோட்டு எழுதுவது, வாய்விட்டுப் படித்துப் பொறுப்பு மாற்றுவது. இளைஞர்களும் வரலாம், ஆனால் மேசைக்குப் பின்னால் நீங்கள் உட்கார வேண்டும் அம்மா, மறுக்காதீர்கள்.

நோட்டு 131ஆம் பக்கத்தில் முடிகிறது. அதில் ஒரு பாக்கி மட்டும் இன்னும் அடிபடாமல் நிற்கிறது: படிக்கிற கண்ணாடி, +2.00, பழுப்புக் கூடு, 9ஆம் படுக்கைக்கு அருகில் கிடைத்தது, மேசை இழுப்பறையில் இருக்கிறது. உரியவர் வந்து வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடவும்.