ஒப்பம் வைக்க முன் ஒரு கிழமை கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அம்மாவுக்கு 12 வருடமாகப் பிரஷர். இரண்டு மாதத்துக்கு முன் விடியவே கிளினிக் போய், நம்பர் எடுத்து வாங்கில் இருந்தவரிடம் ஒரு பிள்ளை வந்து, "அம்மா, இது மருந்து ஆய்வு, இதில ஒருக்கா ஒப்பம் வையுங்கோ" என்று படிவத்தை நீட்டியிருக்கிறார். அம்மாவின் கண்ணாடி வீட்டில். வைக்காவிட்டால் குளிசை தரமாட்டார்களோ என்ற பயத்தில் வைத்துவிட்டார்.

கிளினிக் கொப்பிக்குள் நாலாய் மடித்துக் கிடந்த பிரதியை அன்றிரவு வாசித்துக் காட்டினேன். யாருக்கு எந்த மருந்து என்பதை டொக்டர் தெரிவு செய்வதில்லை, கம்ப்யூட்டர்தான் குலுக்கிப் போடும் என்ற இடத்தில் அம்மா என்னை மறித்தார். "டொக்டர் எனக்கெண்டு பார்த்துத் தாறார் எண்டெல்லோ நினைச்சன்."

நான் ஆய்வுகளுக்கு எதிரி அல்ல. 2016, 2017இல் நம் நாட்டுக் கிளினிக்குகளில் 700 பிரஷர் நோயாளிகள் ஓர் ஆய்வில் சேர்ந்தார்கள். மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தபோது, 6 மாதத்தில் 100க்கு 70 பேருக்குப் பிரஷர் கட்டுக்குள் வந்தது. வழமையான சிகிச்சையில் அது 55 பேர்தான். அந்த 700 பேரும் அம்மாவைப் போல வாங்கில் காத்திருந்தவர்கள். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள்.

ஆனால் விளங்கிச் சேரவேண்டும். மனிதரில் செய்யும் ஆய்வுகளுக்கென்று உலக மருத்துவச் சங்கம் 1964இல் வகுத்த ஹெல்சிங்கிப் பிரகடனம் கேட்பதும் அதைத்தான். அடுத்த கிளினிக்கில் ஆய்வு டொக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டோம். இப்போது போடும் குளிசையை நிறுத்தவேண்டுமா? எத்தனை தரம் இரத்தம் எடுப்பீர்கள்? இரவில் தலை சுற்றினால் யாருக்கு அழைப்பது? மேலதிக நாட்களுக்குப் பஸ் காசு யார் தருவது? அவர் பொறுமையாக இருந்து சொன்னார். இடையில் விலகலாம், காரணம் கூடச் சொல்லத் தேவையில்லை, வழமையான மருந்து தொடரும் என்றதும்தான் அம்மாவின் முகம் தெளிந்தது. பழைய ஒப்பத்தை வெட்டச் சொல்லிவிட்டு, ஒரு கிழமை யோசித்துத் தானாகவே சேர்ந்தார். அவர் சேராமல் விட்டிருந்தாலும் சரிதான்.

திருகோணமலையில் ஆய்வு செய்பவர்களே, மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் வருகிறவருக்குப் பஸ்ஸைப் பிடிக்கிற யோசனைதான் இருக்கும். படிவத்தை முதல் கிளினிக்கிலேயே கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு, அவருடைய ஆள் ஒருவரைப் பக்கத்தில் வைத்து வாசித்துக் காட்டுங்கள். தயவுசெய்து, 'எழுமாறாக ஒதுக்கப்படுவீர்' என்பதை வெட்டிவிட்டு 'குலுக்கல்' என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.