காதில் நீர் கோத்த பேரனுக்காக

நாகர்கோவில்

அன்பு நண்பா,

பேரனுக்கு நடுக்காதில் நீர் தங்கியிருப்பதாகவும், மருந்தா அறுவைச் சிகிச்சையா என்று மகனும் மருமகளும் வாதாடுவதாகவும் எழுதியிருந்தாய். செவித்திறன் பரிசோதனை அறையிலேயே காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

மருந்தைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. வலியும் காய்ச்சலும் இல்லாமல் தேங்கும் நீருக்கு ஆன்டிபயாட்டிக், சளி மாத்திரை, ஸ்டீராய்டு எதையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். காய்ச்சி ஊற்றும் எண்ணெயோ செவிப்பறைக்கு இப்பாலேயே நின்றுவிடும். நீர் இருப்பது அதற்கு அப்பால். (இதை உன் மனைவியிடம் சொல்லும்போது என் பெயரை இழுக்காதே.)

ஆகவே காத்திருப்பதா, நீர் வடியச் செவிப்பறையில் துளையிட்டுச் சிறு குழாய் வைப்பதா என்பதே கேள்வி. பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று மாதத்திற்குள் நீர் தானாகவே வடிந்துவிடும் என்றாலும், திருவனந்தபுரம் வரை போய்விட்டு மருந்துச் சீட்டில்லாமல் திரும்பும் பெற்றோருக்கு அது கைவிரித்ததாகவே படுகிறது. அதனால் மறுபரிசோதனைத் தேதியைச் சீட்டிலேயே எழுதிக் கொடுப்பேன். அதுவரை பிள்ளையை வகுப்பில் முன்வரிசையில் உட்காரவைத்து, முகம் பார்த்துப் பேசச் சொல்வேன். அண்ணப் பிளவோ டவுன் சிண்ட்ரோமோ உள்ள பிள்ளைகளுக்கும், பேச்சு பின்தங்கிய பிள்ளைகளுக்கும் இந்தப் பொறுமை பொருந்தாது.

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் ஒருவர், கூப்பிட்டால் திரும்பாத அடம்பிடித்தவள் என்று சொல்லி மகளை அழைத்துவந்தார். செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரி பரிசோதனையில் மேடாக எழ வேண்டிய கோடு இரண்டு காதிலும் தட்டையாகக் கிடந்தது; காதும் கொஞ்சம் மந்தம். அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டியபடியே, "அப்போ இவ அடம்பிடிக்கல்லியா சார்?" என்று கேட்டார். மாதங்கள் கடந்தும் கோடு எழவில்லை. வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுகிறாள் என்று ஆசிரியை சொன்ன பிறகு, குழாய் வைக்கலாம் என்று அந்த அப்பாவே முடிவெடுத்தார்.

கிரோமெட் எனப்படும் இந்தக் குழாய், மயக்க மருந்து கொடுத்துச் சில நிமிடங்களில் வைப்பது; பெரும்பாலும் 6 முதல் 12 மாதங்களில் தானே விழுந்துவிடும். விழுந்தபின் நீர் மறுபடி சேரலாம், இடையில் காது ஒழுகலாம், அரிதாகச் செவிப்பறையில் ஓட்டை நிலைத்துவிடலாம். நான்கு வயது தாண்டியிருந்தால் மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையையும் எடுப்பதா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். தலைக்குக் குளிப்பதற்குத் தடையில்லை. குளத்தில் முங்குவதுதான் வேண்டாம். அறுவைச் சிகிச்சையே வேண்டாம் என்பவர்களுக்குத் தற்காலிகமாகக் காது கேட்கும் கருவியும் ஒரு வழிதான், ஆனால் நம் ஊரில் அதன் பெயரைக் கேட்டதுமே முகம் சுளிக்கிறார்கள்.

நீர் ஒரு காதிலா இரண்டிலுமா, எப்போது கண்டுபிடித்தார்கள், பேச்சு எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் நீ எழுதவே இல்லை. செவித்திறனைக் காட்டும் வரைபடமான ஆடியோகிராமும் எடுத்திருந்தால் படம் பிடித்து அனுப்பச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்