பல்லு உடைஞ்சா லேசான காயமா?

ஆசிரியருக்கு வணக்கம். அடிதடி நியூஸ்னாலே உங்க நிருபர்கள் ஒண்ணு படுகாயம்னு போடுறாங்க, இல்லேன்னா லேசான காயம்னு முடிச்சிடுறாங்க, ஆனா ஸ்டேஷன்லயும் கோர்ட்லயும் ஓடுறது சிம்பிள் ஹர்ட், கிரீவியஸ் ஹர்ட்ங்கற ரெண்டுதான், கேஸோட தலையெழுத்தே அதுல இருக்கு. எலும்பு முறிஞ்சா மட்டுமில்ல, ஒரு பல்லு உடைஞ்சாலே சட்டப்படி கிரீவியஸ், அதாவது கொடுங்காயம். ரத்தம் கொட்டி தலையில தையல் போட்டிருந்தாலும் எலும்புல அடி இல்லேன்னா பெரும்பாலும் சிம்பிள்ல போயிடும் (எனக்கு இது அநியாயமாத்தான் படுது). சாதாரணமா சிம்பிளுக்கு அதிகபட்சம் 1 வருஷம், கிரீவியஸுக்கு 7 வருஷம் வரைக்கும் ஜெயில். முன்னாடி இ.பி.கோ 320ல 20 நாள் கடுமையான வலியில கிடந்தாலோ வழக்கமான வேலை பார்க்க முடியாம போனாலோ கிரீவியஸ்னு இருந்துச்சு, அதுக்குப் பதிலா 2024 ஜூலை 1லேர்ந்து அமலுக்கு வந்த புது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 116வது பிரிவுல அதை 15 நாளா குறைச்சிட்டாங்க, இது அடிபட்டவங்கள்ல எத்தனை பேருக்கு தெரியும்? இனிமே இந்த மாதிரி செய்தி போடும்போது காய சர்டிபிகேட்ல டாக்டர் எதுன்னு எழுதியிருக்காருன்னு கேட்டு ஒரு வரி சேர்த்து போடுங்க சார்.

ஒரு வாசகர், கரூர்