குளிர்காலத்துக்குப் பிறகு முதல் ஸ்டார்ட்: பீவர் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஒன்டாரியோ ஏரிகளில் பனி உடையத் தொடங்கிவிட்டது. நவம்பரில் ஹேங்கருக்குள் தள்ளிய பீவர் விமானத்தை வெளியே இழுத்து ஒரு சுற்றுப் பறந்து வரக் கை துறுதுறுக்கும். அதற்கு முன் இந்த மடலைப் படித்துவிடுங்கள். பீவரின் ஆர்-985 வாஸ்ப் ஜூனியர் எஞ்சினுக்கு நீங்கள் ஒரே நொடியில் பெரிய செலவு வைக்கக்கூடிய நாள் என்றால், அது இந்த முதல் ஸ்டார்ட் நாள்தான்.

காரணம் ஆயில். இந்த எஞ்சினில் நட்சத்திரம்போல் வட்டமாக நிற்கும் ஒன்பது சிலிண்டர்களில் 5-ம் 6-ம் அடியில் தலைகீழாகத் தொங்குகின்றன. 4-ம் 7-ம் அவற்றுக்குச் சற்று மேலே. டாங்கில் இருக்கும் ஆயில், பம்ப்பின் செக் வால்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும், மாதக்கணக்கில் கசிந்து கிராங்க்கேஸுக்குள் (எஞ்சினின் நடுக்கூட்டுக்குள்) இறங்கும். அங்கிருந்து பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி அடிச் சிலிண்டர்களின் தலைப்பகுதியில் தேங்கும். ஆயில் அமுங்காது. பிஸ்டன் அதன்மேல் மோதினால் வளைவது பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராட். ஹைட்ராலிக் லாக் என்பது இதுதான்.

எவ்வளவு ஆயில் இருந்தால் ஆபத்து? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 1.8 லிட்டர், அமுக்க விகிதம் 6-க்கு 1. பிஸ்டன் முழுதாக ஏறி நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 360 மில்லி. அவ்வளவு ஆயில் இருந்தால் பிஸ்டன் சுவரில் முட்டியதுபோல் நிற்கும். அதைவிட மோசம் 200 மில்லி, ஒரு டம்ளர். அப்போது எஞ்சின் நிற்காது, சுற்றும். ஆனால் அந்தச் சிலிண்டரின் அமுக்க விகிதம் 12-ஐத் தாண்டிவிடும். ராட் இம்மியளவு வளைந்து, அன்றைக்கு ஒன்றும் தெரியாமல், பல மணி நேரம் பறந்த பிறகு எங்கோ ஏரிக்கு மேலே உடையலாம். "ஸ்டார்ட்டரில் கிளட்ச் இருக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. கிளட்ச் தடுப்பது ஸ்டார்ட்டரின் பலத்தை மட்டும். மேல் சிலிண்டர் ஒன்று பற்றிக்கொண்டால், பிறகு எஞ்சினே தன் பலத்தால் தன்னை ஒடித்துக்கொள்ளும்.

ஆகவே கையால் சுற்றுங்கள். மேக்னட்டோ (பிளக்குக்குப் பொறி தரும் கருவி) சுவிட்ச் ஆஃப், மிக்ஸ்சர் (எரிபொருள் கலவை) கட்-ஆஃப், த்ராட்டில் மூடியபடி, சக்கரத்துக்குக் கட்டை. சுவிட்ச் ஆஃப் என்பதை நம்பி பிளேடின் பாதையில் நிற்காதீர்கள். மேக்னட்டோவின் கிரவுண்ட் ஒயர் அறுந்திருந்தால் சுவிட்ச் வெறும் அலங்காரம். புரொப்பெல்லர் சுற்றும் திசையிலேயே, முன்னால் நின்று பார்த்தால் இடஞ்சுழியாக, நிதானமாக இழுங்கள். இரண்டு பிளேடு புரொப்பெல்லரில் நான்கு பிளேடு கடந்தால் இரண்டு சுற்று; ஒன்பது சிலிண்டரும் ஒருமுறை அமுக்கி முடித்திருக்கும். முதல் நாளில் எட்டு பிளேடு எண்ணச் சொல்கிறோம். வழக்கமான அமுக்கம் கைக்கு ஸ்பிரிங்போல் தெரியும்: எதிர்க்கும், பிறகு விட்டுக்கொடுக்கும். லாக் அப்படியில்லை. சட்டென்று, கல்லில் மோதியதுபோல் நிற்கும்.

நின்றால் அத்தோடு விடுங்கள். ஆள் சேர்த்து இழுக்காதீர்கள். பின்பக்கமாகவும் சுற்றாதீர்கள், பலர் செய்யும் தவறு அது. பின்னால் சுற்றினால் ஆயில் திறந்த இன்டேக் (கலவை உள்ளே வரும்) வால்வு வழியாக இன்டேக் பைப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். புரொப்பெல்லர் லேசாகச் சுற்றும், "சரியாகிவிட்டது" என்று தோன்றும். ஸ்டார்ட் செய்ததும் அந்த ஆயில் அப்படியே உறிஞ்சப்பட்டுத் திரும்ப வந்து லாக் ஆகும், இந்த முறை முழு வேகத்தில்.

செய்ய வேண்டியது: 4, 5, 6, 7 சிலிண்டர்களில் ஆளுக்கொரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கீழே சுத்தமான தட்டு வைத்து, வடிவது நிற்கும்வரை சுற்றுங்கள். 5, 6-ன் இன்டேக் பைப்பில் வடிகால் பொருத்தியிருந்தால் திறந்துவிடுங்கள். இல்லையென்றால் பைப்பைத் தளர்த்தி வடியவிட வேண்டும். பிளக்கைத் திரும்பப் போடும்போது புதுச் செம்பு வாஷர், 30 முதல் 35 அடி-பவுண்டு டார்க். எந்தச் சிலிண்டரில் எத்தனை மில்லி வந்தது என்று விமானத்தின் பதிவுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். ஸ்டார்ட்டரால் ஏற்கெனவே ஒருமுறை மோதியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பிளக் துளை வழியாகக் கம்பி விட்டு ஒவ்வொரு பிஸ்டனும் ஏறும் உயரத்தை அளந்தால், வளைந்த ராட் மற்றவற்றைவிடக் குட்டையாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு பொறி பீவருக்கே உரியது. ஆயில் ஊற்றும் வாய் காக்பிட்டுக்குள்ளேயே, கால்பக்கம் இருக்கிறது. மூடியைத் திறந்து குச்சியைப் பார்ப்பீர்கள். அளவு குறைவாகத் தெரியும். உடனே ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள். குறைந்த ஆயில் எங்கும் போகவில்லை, எஞ்சினின் அடியில் உள்ள சம்ப்பில் கிடக்கிறது. ஸ்டார்ட் ஆனதும் ஸ்கேவெஞ்ச் பம்ப் (சம்ப்பை உறிஞ்சும் பம்ப்) அதை டாங்குக்கே திருப்பி அனுப்பும். நீங்கள் ஊற்றியது பிரீதர் (காற்றுப்போக்கிக் குழாய்) வழியாக வெளியே வழியும். சம்ப் பிளக்கைத் திறந்து வடித்து, அளந்து, பிறகு டாங்க் அளவைப் பாருங்கள்.

ஏப்ரல் காலை பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் 120 கிரேடு ஆயில் பாகுபோல் இருக்கும். எஞ்சினையும் டாங்கையும் சூடேற்றாமல் சுற்றவே வேண்டாம். ஐந்து மாதம் நின்ற எஞ்சினுக்கு முன்கூட்டியே அழுத்தத்தில் ஆயில் செலுத்துவதும் (பிரீ-ஆயில்) நல்லது. அதற்கான பாத்திரம் எங்களிடம் இருக்கிறது, இரவலுக்குத் தருகிறோம்.

ஸ்டார்ட் செய்யும்போது கைப்பம்ப்பால் எரிபொருள் அழுத்தம் ஏற்றி, பிரைமரை (ஸ்டார்ட்டுக்கு முன் எரிபொருள் தெளிக்கும் கைப்பம்ப்பை) அளவோடு அடியுங்கள். அதிகம் அடித்தால் கார்பரேட்டர் பக்கம் தீப்பிடிக்கும். பிடித்தால் ஸ்டார்ட்டரை விடாதீர்கள்; மிக்ஸ்சரை கட்-ஆஃபில் போட்டு, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, சுற்றிக்கொண்டே இருந்தால் எஞ்சினே தீயை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே அணைப்பானோடு ஓர் ஆள் நிற்கட்டும். பற்றியதும் பார்க்க வேண்டியது ஆயில் அழுத்தம் ஒன்றைத்தான்: 30 நொடிக்குள் முள் எழவில்லையென்றால் நிறுத்துங்கள். ஆயில் 40 டிகிரி, சிலிண்டர் ஹெட் 100 டிகிரி செல்சியஸ் வரும்வரை ரன்-அப் (பறக்குமுன் வேகமேற்றிச் சோதிப்பது) வேண்டாம். ஒரு மேக்னட்டோவை மட்டும் வைத்து ஓட்டும்போது குறையும் வேகம் (மேக்னட்டோ டிராப்) 100 ஆர்பிஎம்முக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் அந்த மேக்னட்டோவிலேயே ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஒன்பது சிலிண்டரையும் வெப்பமானியால் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்து கிடப்பதில்தான் கோளாறு. குளிர்கால ஆயில் குடித்த அடிப் பிளக்காகவே பெரும்பாலும் இருக்கும்.

பறக்கும்போது ஒன்றே ஒன்று. டேக்-ஆஃபில் இன்டேக் அழுத்தம் (மேனிஃபோல்டு பிரஷர்) 36.5 அங்குலம், 2300 ஆர்பிஎம். ஏறும்போது 30, 2000. இது எல்லோருக்கும் தெரியும். இறங்கும்போதுதான் கை தாராளமாகிவிடுகிறது: ஆர்பிஎம் 2000-லேயே இருக்க, த்ராட்டிலை 12 அங்குலத்துக்கு இழுத்துவிடுகிறார்கள். அப்போது எஞ்சின் புரொப்பெல்லரைச் சுற்றவில்லை, புரொப்பெல்லர் எஞ்சினைச் சுற்றுகிறது. ஒன்பது ராடுகளின் சுமையும் சேரும் மாஸ்டர் ராட் பேரிங், தனக்குப் பழக்கமில்லாத திசையில் அடி வாங்குகிறது. ஒவ்வொரு 100 ஆர்பிஎம்முக்கும் குறைந்தது 1 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 2000-க்கு 20. முன்கூட்டியே இறங்கத் தொடங்கினால் போதும்.

நிறுத்துமுன் 1000 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் விடுங்கள், சம்ப் வற்றட்டும். அடுத்த நாள் ஹைட்ராலிக் லாக் ஆகும் வாய்ப்பும் குறையும்.

முதல் 10 மணி நேரம் பறந்ததும் ஆயில் ஸ்கிரீனை (சல்லடையை) கழற்றி எங்களுக்கு அனுப்புங்கள். கழுவாமல் அனுப்புங்கள், பளபளவென்று துடைத்துக் கொண்டுவருவது எங்களுக்கு உதவாது. காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. ஒட்டாத வெண்மைத் துகளைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டால் அலுமினியம் நுரைத்துக் கரையும். கரையாமல் மின்னிக்கொண்டே இருந்தால் அது பேரிங்கின் வெள்ளியாக இருக்கலாம், அந்த எஞ்சினை அதற்குமேல் ஓட்ட வேண்டாம். டாப்பெட் (வால்வு) இடைவெளி பார்க்க வேண்டியவர்கள் (எஞ்சின் குளிர்ந்த நிலையில் 0.010 அங்குலம்) விமானத்தை முந்தைய மாலையே விட்டுச் செல்லுங்கள், சூடான எஞ்சினில் எடுக்கும் அளவு பயன்படாது.

மே மாத விக்டோரியா தின விடுமுறை வார இறுதிக்கு முந்தைய இரண்டு வாரமும் எல்லோரும் ஒன்றாக வருகிறீர்கள். பிரீ-ஆயில் பாத்திரம் ஒன்றுதான் இருக்கிறது. தேதியை இப்போதே சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
பட்டறையினர்