புதுக் கணினி வாங்கும் முன் பேட்டரியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதிலிருந்து அரசுப் பள்ளிக் கணினி ஆய்வகம் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் "பழசை எல்லாம் கழித்துவிட்டுப் புதுசு வாங்கணும்" என்பதில்தான் முடிகிறது. வாங்கட்டும்; வேண்டாம் என்று சொல்ல நாங்கள் எழுதவில்லை. ஆனால் இந்த வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும்: பள்ளியில் கணினி வயதாகிச் சாவதைவிட மின்சாரத்தால் சாவதே அதிகம். அதைச் சரிசெய்யாமல் அதே அறையில், அதே யு.பி.எஸ்.ஸில் புதுக் கணினியைக் கொண்டுபோய் மாட்டினால், வாரண்டி முடிவதற்குள் அதுவும் பழைய கணினியோடு சேர்ந்து மூலைக்குப் போய்விடும்.

பள்ளி யு.பி.எஸ்.களில் பெரும்பாலும் இருப்பது மூடிய லெட் ஆசிட் பேட்டரி. 25 டிகிரி வெப்பத்தில் வைத்தால் நாலைந்து ஆண்டு உழைக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். மதுரையில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஜன்னல் சாத்திய அறையில் பேட்டரி ஸ்டாண்டு இருந்தால் அது எத்தனை நாள் தாங்கும்? போதாததற்குக் கோடை விடுமுறைக்கு மெயினை அணைத்துப் பூட்டிவிட்டுப் போகிறோம். சார்ஜ் தானாக இறங்கி, தகடுகளில் சல்பேட் படிந்து, ஜூனில் திறக்கும்போது பேட்டரி செத்துக் கிடக்கிறது. விடுமுறையிலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை யாராவது போய் ஒரு பகல் முழுக்க யு.பி.எஸ்.ஸைப் போட்டு வைத்தால் இதைத் தவிர்க்கலாம். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று அறியக் கருவி வேண்டாம். எல்லாக் கணினியையும் போட்டுவிட்டு, யு.பி.எஸ்.ஸுக்கு வரும் மின்சாரத்தை அணைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். அரை மணி நேரம் தாங்க வேண்டியது மூன்று நிமிடத்தில் கத்த ஆரம்பித்தால் விடை தெரிந்துவிட்டது. 8 பேட்டரி தொடராக இணைத்த 96 வோல்ட் அமைப்பில் ஒன்று கெட்டாலும் மொத்தமும் விழும். லோடு ஓடும்போது ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் அளந்தால், மற்றவை 12 வோல்ட் பக்கம் நிற்க, கெட்டது மட்டும் 10.5-க்குக் கீழே சரியும். 96 வோல்ட் டி.சி. மின்சாரம் ஆளைக் கொல்லக்கூடியது. இதை அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியன் மட்டும் செய்யட்டும். செட்டுக்கு இரண்டு வயதுக்கு மேல் ஆகியிருந்தால் எட்டையும் மாற்றுவதே லாபம். பழையவற்றுக்கு நடுவே புதிதாக ஒன்றைப் போட்டால், சார்ஜ் ஏறும் அளவு ஆளுக்கு ஆள் மாறி, புதியதையும் பழையது தன் நிலைக்கு இழுத்துக்கொள்ளும்.

லோடு கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். மானிட்டரோடு ஒரு மேசைக் கணினிக்கு 100 வாட் என்று வைத்தால் 20 கணினிக்கு 2,000 வாட். 3 கே.வி.ஏ. யு.பி.எஸ். 0.8 பவர் ஃபேக்டரில் தருவது (3,000 × 0.8) 2,400 வாட். புரொஜெக்டரையும் சேர்த்தால் விளிம்பு வந்துவிட்டது. இதில் லேசர் பிரிண்டரையும் யாராவது செருகிவிடுகிறார்கள். தாளைச் சூடாக்கும் உருளை ஒவ்வொரு முறை சூடேறும்போதும் பல நூறு வாட்டை ஒரே இழுப்பாக இழுக்கும். யு.பி.எஸ். ட்ரிப் ஆகும், 20 கணினியும் ஒரே நொடியில் அணையும். எழுதிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க்கில் பேட் செக்டார் விழுவது இப்படித்தான். லேசர் பிரிண்டரை எப்போதும் யு.பி.எஸ்.ஸில் செருகாமல் நேராகச் சுவர் பிளக்கில்தான் செருக வேண்டும்.

அடுத்தது எர்த். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று பிள்ளைகள் சொன்னால் அன்றே ஆய்வகத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். எர்த் இல்லாதபோது பவர் சப்ளைக்குள் உள்ள வடிகட்டி வழியாகக் கசியும் மின்சாரம் போக இடமின்றிக் கேபினெட்டில் நிற்கிறது. பிளக் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 5-ஐத் தாண்டினால் எங்கோ கோளாறு. மேலூர், கொட்டாம்பட்டி பக்கம் பாறை நிலம். கோடையில் எர்த் குழி காய்ந்தால் குழி இருந்தும் பயனில்லை. வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஒருவரை நியமிப்பது சின்ன வேலைதான், ஆனால் யார் பொறுப்பு என்று எங்கும் எழுதப்படாததால் யாரும் ஊற்றுவதில்லை. மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை ஒடித்துவிட்டு இரண்டு முனைப் பெட்டியில் செருகும் பழக்கத்தையும் ஒழிக்க வேண்டும்.

இவை சரியான பிறகுதான் கணினிக் கணக்கு. ஒரு பள்ளியில் எத்தனை கணினி இருக்கிறது என்பது எல்லோரிடமும் இருக்கிறது. எந்தத் தலைமுறைக் கணினி என்பதுதான் இல்லை. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் பக்கத்தைத் திறந்தால் பிராசசர் பெயரும் ரேம் அளவும் தெரியும். ஐ3-4150 என்றிருந்தால் கோடுக்குப் பின்னுள்ள 4 என்பதே தலைமுறை. ஐ3-8100 என்றால் 8. ஐ3-10100 என்றால் 10. விண்டோஸ் 11 ஏற்பது இன்டெல் 8-ஆம் தலைமுறையிலிருந்து. கூடவே டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இங்கே ஒரு தவறு நடக்கிறது. 8-ஆம் தலைமுறைக்கு மேற்பட்ட கணினியில்கூட "இந்தக் கணினி விண்டோஸ் 11-க்கு ஏற்றதல்ல" என்று செய்தி வரும். உடனே கழிவுப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். பல நேரம் டி.பி.எம். உள்ளேயே இருக்கிறது, பயாஸில், அதாவது கணினி துவங்கும்போது முதலில் ஓடும் அமைப்பில், அணைந்து கிடக்கிறது. இன்டெல் போர்டில் பி.டி.டி. என்ற பெயரில் இருக்கும். அதை இயக்கினால் போதும். பயாஸ் பழைய லெகசி முறையில் இருந்தால் புதிய யு.இ.எஃப்.ஐ. முறைக்கு மாற்றிவிட்டுப் புது டிஸ்க்கில் விண்டோஸைப் பதிய வேண்டும். பழைய டிஸ்க்கை அப்படியே வைத்துக்கொண்டு இந்த மாற்றத்தைச் செய்தால் கணினி துவங்காது.

8-க்குக் கீழுள்ளவற்றைக் கழிக்க வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி 240 அல்லது 256 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. போட்டால், திறக்க மூன்று நான்கு நிமிடம் எடுத்த கணினி அரை நிமிடத்தில் திறக்கும். பிராசசர் அதேதான், மாறியது டிஸ்க் மட்டும். மேசைக் கணினிக்கு எஸ்.எஸ்.டி.யோடு 3.5 அங்குல இடத்தில் பொருத்தும் தகடு ஒன்று, திருகு 8, தேவையானால் புது சாட்டா கேபிள் ஒன்று. ரேம் 4 ஜி.பி. என்றால் 8 ஆக்குவது நல்லது, ஆனால் வாங்கும் முன் டி.டி.ஆர்.3-ஆ 4-ஆ என்று பார்க்க வேண்டும். வெட்டுப் பள்ளம் வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதில் ஏறாது. 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறியிருக்கிறது. ஆகவே மதர்போர்டு போன கணினிகளிலிருந்து ரேமைக் கழற்றி, பொன்னிறத் தொடுமுனைகளை அழிரப்பரால் துடைத்து, ஓடும் கணினியில் போடுவதே இப்போதைக்குப் புத்திசாலித்தனம்.

அதற்குத் தடையாக இருப்பது இருப்புப் பதிவேடு. பதிவேட்டில் இருக்கும் கணினியைத் திறந்து ஒரு பாகத்தை எடுத்தால் நாளைக்குத் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்று தலைமையாசிரியர் அஞ்சுகிறார். அந்த அச்சம் நியாயமானது. ஒரு கணினியின் பாகத்தை மற்றொன்றுக்கு, ஒரு பள்ளியிலிருந்து பக்கத்துப் பள்ளிக்கு, வரிசை எண்ணோடு எழுதி மாற்றிக்கொள்ளலாம் என்று மாவட்ட அளவில் தெளிவான ஓர் உத்தரவு வந்தால், ஓடாத பத்தில் நான்கையாவது ஓட வைக்கலாம்.

வேலையை வேகமாக முடிக்க வழி உண்டு. ஒரே மாடல் கணினி பத்து இருந்தால் ஒன்றை மட்டும் முழுதாகத் தயார் செய்ய வேண்டும்: இயங்குதளம், பைத்தான், சி++ கம்பைலர், லிப்ரே ஆஃபீஸ், தமிழ் 99 விசைப்பலகை, பிரிண்டர் டிரைவர், மாணவர்க்கு அட்மின் உரிமை இல்லாத கணக்கு. பிறகு குளோன்ஜில்லா என்ற டிஸ்க் நகலெடுக்கும் மென்பொருள் கொண்டு அதன் நகலை மற்ற ஒன்பதிலும் இறக்கலாம். இருவர் ஒரு நாளில் முடித்துவிடலாம். விண்டோஸாக இருந்தால் நகல் எடுக்கும் முன், அந்தக் கணினிக்கே உரிய அடையாளங்களை நீக்கும் சிஸ்பிரெப்பை ஓட்டிவிட வேண்டும். கணினிப் பெயர்களையும் தனித்தனியாக மாற்ற வேண்டும். ஒவ்வொன்றாக உட்கார்ந்து நிறுவினால் ஒரு வாரம் போகும், பத்தும் பத்து விதமாகவும் இருக்கும்.

திறந்த கையோடு சி.ஆர். 2032 பட்டன் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். இது செத்தால் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கணினியின் தேதி பல ஆண்டு பின்னால் போகும். தேதி தப்பானால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரௌசர் சொல்லும், பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸ் திறக்காது. "நெட் போச்சு" என்று வரும் புகார்களில் சில இந்தப் பட்டன் பேட்டரிதான்.

8-ஆம் தலைமுறைக்குக் கீழே எந்த இயங்குதளம்? இரண்டு வழி. கல்வி நிறுவனங்களுக்கு விண்டோஸ் 10-இன் நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பை ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4 என மைக்ரோசாஃப்ட் விலை வைத்திருக்கிறது. மூன்றாண்டுக்கும் சேர்த்து 7 டாலர். இதை மொத்த உரிமமாகத் துறைதான் வாங்கித் தர வேண்டும். மற்றொரு வழி லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். பதினொன்றாம் வகுப்பின் சி++, பன்னிரண்டாம் வகுப்பின் பைத்தான் இரண்டும் லினக்ஸில் குறையின்றி ஓடும். எமிஸ் பிரௌசரில் திறப்பதுதானே. தேனியைத் தாண்டினால் கேரளம். அங்கே கைட் என்ற அரசுக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் அரசுப் பள்ளிகளுக்கென்றே லினக்ஸ் தொகுப்பு தயாரித்து, லட்சக்கணக்கான பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள். நம் விலையில்லா மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு இந்தியத் தயாரிப்பான பாஸ் லினக்ஸ் வந்தது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் அதைத் திறந்து பார்க்காமலே விட்டுவிட்டோம் என்பது எங்களுக்கு இன்றைக்கும் ஆற்றாமை. ஒரு எச்சரிக்கை: மலிவு விலை லேசர் பிரிண்டர்கள் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் கிடையாது. அலுவலக அறையில் ஒரு விண்டோஸ் கணினியை வைத்துக்கொள்வது நல்லது.

சர்வரோடு தின் கிளையண்ட் (தானே இயங்காமல் சர்வரை நம்பி ஓடும் சிறு பெட்டி) இணைத்த ஆய்வகம் என்றால் இந்தக் கணக்கு வேறு. அங்கே மேசை மேல் இருக்கும் பெட்டியில் எதை மாற்றினாலும் வேகம் வராது. எல்லாம் சர்வரில் இருக்கிறது. சர்வரில் ஒரு டிஸ்க் போனால் முன்பக்கம் ஆரஞ்சு விளக்கு எரியும். ஒரு டிஸ்க் போனாலும் மற்றவற்றைக் கொண்டு ஓடும் ரெய்டு அமைப்பு இருப்பதால் வகுப்பு நடந்துகொண்டே இருக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை. இரண்டாவது டிஸ்க்கும் போகும் நாளில் ஆய்வகமே இல்லை. வாரம் ஒருமுறை அந்த விளக்கைப் பாருங்கள், அது போதும்.

கட்டடத்துக்குக் கட்டடம் வெளியே இழுத்த லேன் கேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் ஸ்விட்ச் போர்ட்டுகளும் கணினியின் நெட்வொர்க் போர்ட்டும் ஒரே இரவில் போவது இதனால்தான். வெட்டவெளியில் போகும் செம்புக் கம்பி இடியின் மின்னழுத்தத்தை உள்ளே கொண்டுவருகிறது. கட்டடங்களுக்கு இடையே ஃபைபர் இழுத்து இரு முனையிலும் ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வைத்தால் தொல்லை விட்டது. கட்டடத்துக்குள் கேட் 6 போதும், ஒரு இழுப்பு 100 மீட்டரைத் தாண்டக் கூடாது, எலி கடிக்காமல் பி.வி.சி. குழாய்க்குள் விட வேண்டும்.

இதற்கெல்லாம் பிறகும் புதிதாக வாங்க வேண்டியவை இருக்கும். அப்போது ஒப்பந்தத்தில் 5 ஆண்டு வாரண்டி, அதிலும் பள்ளிக்கே வந்து சரிசெய்யும் வாரண்டி வேண்டும். சேடப்பட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் ஒரு பவர் சப்ளைக்காக மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் பெட்டியைத் தூக்கி வரும் நிலை கூடாது. யு.பி.எஸ். பேட்டரிக்கு மூன்றாம் ஆண்டில் ஒரு மாற்று செட் என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் அதற்கென்று தனி நிதி வருவதில்லை. அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாகக் கணினி தர முன்வரும் முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் 8-ஆம் தலைமுறைக்குக் குறையாமல் தரட்டும். அல்லது ஒரு செட் பேட்டரியோ 20 எஸ்.எஸ்.டி.யோ தரட்டும், புகைப்படத்தில் அழகாக இருக்காது, ஆனால் ஆய்வகம் ஓடும்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்குகளில் மாணவர் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரம் கொண்ட எக்செல் கோப்புகள் இருக்கின்றன. குயிக் ஃபார்மட் மட்டும் செய்தால் மீட்டுவிட முடியும். ஓடும் டிஸ்க் என்றால் முழுவதும் சுழியம் எழுதி அழிக்க வேண்டும். ஓடாதது என்றால் டிரில்லிங் மெஷினால் தட்டுகளைத் துளைத்துவிட வேண்டும். மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022-இன்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் ஒப்படைக்க வேண்டும், பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடக் கூடாது. மாவட்டத்தின் 13 ஒன்றியங்களிலும் வட்டார வளமையத்தில் ஓர் அறையை ஒதுக்கி, ஏப்ரல் கடைசிக்குள் அங்கே சேர்த்து, அங்கேயே தரம் பிரித்தால், ஜூனில் பள்ளி திறக்கும்போது வகுப்பறை மூலைகளாவது காலியாகும்.

இப்படிக்கு,
பள்ளிக் கணினிப் பராமரிப்புப் பணியாளர்கள் சிலர்,
மதுரை மாவட்டம்.